வேலுத்தாயின் ரத்தம்

ஜீப்புப் பாதை இருந்தும், சோலை அவரைச் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில்தான் கூட்டிப்போனான்.

குரங்கணியில் பஸ்ஸை விட்டு இறங்கிய ராஜாராம், ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மார்போடு அணைத்தபடி இரைக்க இரைக்க ஏறினார். மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மதியத்துக்கு மேல் எஸ்டேட்டுக்கு வந்து, சோலையின் மனைவி வேலுத்தாயிடம் ரத்தம் எடுத்துப் போவார். எழுபத்தேழிலிருந்து நாலு வருஷமாக இதே பிழைப்பு.

அவள் ரத்தம் லேசுப்பட்டது இல்லையாம். தசையை இழுத்து இயக்குகிற புரதம் ஒன்று உடம்பில் இருக்கிறதாம். அவள் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருள் அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். எந்த மனிதனின் செல்லில் விட்டுச் சாயம் போட்டாலும், அந்தப் புரதம் இருக்கிற இடமெல்லாம் பச்சையாக மின்னும். ராஜாராம் போட்டோகூடக் காட்டியிருக்கிறார்.

அதே எதிர்ப்பொருள்தான் அவளையும் தின்றது. அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

உச்சிப்பொழுது தாண்டினால் இமை இரண்டும் விழுந்துவிடும். விரலால் தூக்கிப் பிடிக்கலாமென்றால் கை எழும்பாது. ஏலக்காய் எடுக்கப் போன இடத்தில், தூங்குமூஞ்சி என்று கங்காணி விரட்டினான். கடைசியில் கஞ்சியும் தொண்டையில் இறங்கவில்லை.

அப்போதும் ராஜாராம் வந்தார். ஊசி குத்தினார். ஒரு ரொட்டிப் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

போன தடவை எடுத்த ரத்தம் பல்லிளித்துவிட்டதாம். செல்லில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லையாம். ஆய்வுக்கூடத்து டாக்டர் கத்துகிறார் என்று வழியெல்லாம் புலம்பினார். வேலுத்தாய் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சோலை திரும்பிப் பார்க்காமல் நடந்தான். கையிலிருந்த அரிவாள் வழியில் நின்ற செடியையெல்லாம் வெட்டிக்கொண்டே போனது.

ஒரு பாறையருகே ராஜாராம் மூச்சுவாங்க நின்றார்.

"ஏப்பா, அந்தப் பிள்ள மாத்திர எதுவும் முழுங்குச்சா? அது உள்ள போனா ரத்தத்துல சத்து எறங்கிரும். அதனாலதானே டாக்டரய்யா எழுதிக் குடுக்காம விட்டாரு."

தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள்.

இந்த ஆளை இங்கேயே உருட்டிவிட்டால் என்ன என்று சோலைக்குத் தோன்றியது. வந்து நேரில் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் சொன்னான்.

வளைவில் ஒரு பெண், தலையில் ஏலக்காய் மூட்டையோடு, ஒரு கையை உயர்த்திப் பிடித்தபடி இறங்கி வந்தாள். ராஜாராம் ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் போகவில்லை. எதிரே நின்றாள்.

ராஜாராம் போன தடவை வருவதற்கு முன்பே, மாசி மாதம் சோலை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கி, ஜீப்பில் போடிமெட்டைத் தாண்டிப் போயிருந்தான். அங்கே ஒரு மலையாளத்து டாக்டர் அவள் இமையைப் பார்த்ததுமே மாத்திரை எழுதினார்.

மணி மூன்று இருக்கும். வேலுத்தாய் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து ராஜாராமைப் பார்த்தாள்.

"நாலு வருசமா ரத்தம் எடுத்தீக. ஒங்க மொகத்த இன்னைக்குத்தேன் முழுசாப் பாக்குறேண்ணே."