ஒன்பது கிலோ

"பொங்கல் கழியட்டும், ஒருத்தனும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டான்" என்றான் ஜோஷுவா.

ஜனவரி இரண்டாம் தேதி. பாளையங்கோட்டையில் அவன் நடத்தும் ஜிம்மில் நிற்க இடமில்லை. புது ஷூ, புது பனியன், புது வருஷத் தீர்மானம். வாசல் மேஜையில் இருந்த ஃபெமினாவுக்குப் பெயர் எழுதியே கை ஓய்ந்துவிட்டது.

"இவ்வளவு பேருக்கும் எடம் காணாதே, அண்ணே?"

"எல்லாரும் வந்தாத்தானே காணாது? இந்த வருஷம் நூறு பேரைச் சேக்கணும்ங்கறதுதான் என் தீர்மானம். அவங்களை வரவைக்கணும்னா சொன்னேன்?"

தினமும் காலை ஆறு மணிக்கு முதல் ஆளாக வந்து, தானும் உடற்பயிற்சி செய்வதாக இன்னொரு தீர்மானமும் வைத்திருந்தான். அது இரண்டாம் நாளே எட்டரை மணியாகிவிட்டது.

அப்போதுதான் ராஜராஜேஸ்வரி படியேறி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தடித்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. மூச்சு வாங்கியது.

"ஒன்பது கிலோ குறையணும். மார்ச் மாசத்துக்குள்ள."

"என்ன விசேஷம், மேடம்? வீட்ல கல்யாணமா?"

"குறையுமா, குறையாதா? அதைச் சொல்லுங்க."

ஜோஷுவாவுக்குச் சுருக்கென்றது.

அவள் உள்ளே போனதும் ஃபெமினா குரலைத் தாழ்த்தினாள். "எங்க தெருதான், அண்ணே. தாலுகா ஆபீஸ்ல பெரிய வேலை. மகன் புன்னக்காயல் பொண்ணைக் காதலிச்சுக் கட்டிட்டு வந்துட்டான். பேரு அஞ்சலின். மாமியாரும் மருமகளும் முகம் குடுத்துப் பேசுததே இல்லையாம். இப்பம் ஆறு மாசமா அந்தப் பிள்ளையை வெளியிலயே காணும்."

"வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாளாக்கும். மருமகளை அடுப்படியில தள்ளிட்டு, இவ இங்கன மேனி மினுக்க வந்திருக்கா!"

அன்றே பட்டப்பெயரும் வைத்துவிட்டான். உலக அழகி.

பொங்கல் வந்தது. அவன் சொன்னபடியே கூட்டம் கரைந்தது. ஒருத்தருக்கு முழங்கால் வலி, ஒருத்தருக்கு மச்சினன் வீட்டுக் காதுகுத்து. ஜோஷுவா ஒவ்வொரு காரணத்தையும் ஃபெமினாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

உலக அழகி மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. டிரெட்மில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, வேர்க்க வேர்க்க நடப்பாள். யாரோ பிறந்தநாளென்று நீட்டிய லட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமைதோறும் எடை பார்ப்பாள். பிப்ரவரியில் ஒரு வாரம் முள் அசையவே இல்லை. மெஷின் மேல் நின்றபடியே ஷாலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியா? நூறு கிராமுக்கு ஒப்பாரி வைக்கா. வயசு அம்பது!" என்றான் ஜோஷுவா.

ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே? மறுநாள் பல்லிளித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றான்.

"மேடம், உங்க போட்டோவை வாசல்ல பெருசா வைக்கலாம்னு இருக்கேன். தீர்மானத்தைக் காப்பாத்துனவங்கன்னு."

"வேண்டாம். இதுல போட்டோ புடிக்க என்ன இருக்கு?"

"கிராக்கியப் பாரு!" என்று பின்னால் முனகினான்.

மார்ச் இருபதாம் தேதி ஒன்பதாவது கிலோவும் குறைந்தது. மறுநாள் அவளைக் காணோம். அதற்கடுத்த நாளும் இல்லை.

"சோலி முடிஞ்சுட்டு. இனி நேரா அல்வாக் கடைதான்" என்றான் ஜோஷுவா. அவன் கணக்கில் கடைசி ஆளும் கழன்றாயிற்று.

ஏப்ரல் கடைசியில், கண்ணெல்லாம் உள்ளே போன இளைஞன் ஒருவன் வந்து நின்றான்.

"நான் மகேஸ்வரன். ராஜராஜேஸ்வரி மகன். அம்மா இங்கன ஒரு வருஷத்துக்குக் கட்டுன பணத்துல இன்னும் எட்டு மாசம் இருக்குல்லா? அதை என் வீட்டுக்காரி அஞ்சலின் பேருக்கு மாத்தணும். அம்மாதான் கேட்டுட்டு வரச் சொன்னா."

ஜோஷுவா ஃபெமினாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"மாமியாருக்கு அலுத்துப்போச்சு, மருமகளை அனுப்புதாங்களா? அதெல்லாம் மாத்த முடியாது, தம்பி. சேந்தவங்கதான் வரணும். தீர்மானம் எடுத்தாப் போதுமா? கடைசி வரைக்கும் நிக்கத் தெரியணும்லா?"

"அம்மாவால இப்பம் எடை எதுவும் தூக்க முடியாது. அஞ்சலினும் உடனே வரமாட்டா. மூணு மாசம் கழிச்சுப் பைய நடக்க ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

"ஏன், ரெண்டு பேருக்கும் என்ன வந்துச்சு?"

"ஆபரேஷன் முடிஞ்சு இருபது நாளாகுது. அஞ்சலினுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. என்னுது பொருந்தல, அவ அம்மாவுக்கு சுகர். எங்கம்மாவுதுதான் பொருந்துச்சு. ஆனா, அந்த உடம்போட எடுக்க முடியாது, எடையக் குறைச்சிட்டு வாங்கன்னு டாக்டர் அனுப்பிட்டாரு."