குஞ்சு பறக்கட்டும்

தலைக்கு மேல் சத்தம் கேட்டால் கண்மாய் நாரைகள் கூட்டைவிட்டு எழுந்துவிடும் என்று, குஞ்சு பொரிக்கும் காலத்தில் தீபாவளிக்கும் வெடி போடாத ஊர் அது. இப்போது பறக்கும் வண்டிகளுக்கும் தடை போட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஊராட்சித் தலைவி இருளாயியின் மகள் தவமணிக்கு இடுப்பு வலி எடுத்தது.

"உங்க மகளுக்காக ஒரேயொரு தடவை வழி விடுங்க, தலைவரம்மா. நிமிஷத்துல ஆஸ்பத்திரி," என்றான் பறக்கும் வண்டிக் கம்பெனிக்காரன் போனில். ஒரு தடவை விட்டால் நாளை சரக்கு வண்டிகளும் வரிசைகட்டும். இருளாயி மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

தவமணி போனைப் பிடுங்கினாள். "குஞ்சு பறக்கட்டும், அப்புறம் நீ பற!" என்றவள், பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவோடு லோடு ஆட்டோவில் ஏறினாள்.

கண்மாய்க் கரையைக்கூடத் தாண்டவில்லை, பெண்பிள்ளை பிறந்து வீறிட்டது. மரத்தில் ஒரு நாரையும் அசையவில்லை.

"கத்து ஆத்தா, நல்லாக் கத்து!" என்றாள் இருளாயி. "ஒனக்குத் தடையில்ல."