நடு எழுத்து

"பதினாலு மாசமாச்சு! இந்த ஊர்லயே பேர் பதியாத பிள்ளை உன் பிள்ளை ஒண்ணுதான்."

ஊராட்சி அலுவலக எழுத்தர் நிவியாக் படிவத்தை மேசைமேல் எறிந்தாள். பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

எதிரே அதெலா. அவள் பனிக்கோட்டின் முதுகுப்பக்கம் பை போலத் தொங்கும் குல்லாயில் உட்கார்ந்திருந்த பையன் காதைப் பிடித்துக்கொண்டு சிணுங்கினான்.

"பேரெல்லாம் யோசிச்சாச்சு அக்கா. அந்த எழுத்து கம்ப்யூட்டர்ல வரட்டும், சொல்றேன். அதுவரைக்கும் வீட்ல குட்டின்னுதான் கூப்பிடறோம்."

"எது, 'ஷ்ரு'வா?"

"ஆமாக்கா."

நாக்கை மடித்துச் சொல்லும் அந்த ஒலி, வடதுருவப் பனிக்கடலோரத்தில் வாழும் நட்டிலிக் இனுயிட்டு மக்களின் பேச்சில் உண்டு. கையால் எழுதிவிடலாம். கம்ப்யூட்டரில் முடியாது. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் பட்டியலில் அதற்கு எண் இல்லை. எண் இல்லாத எழுத்தைக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

"'சு' போட்டுக்கோ. ஊரே அப்படித்தான் சமாளிக்குது."

"'சு' போட்டா அது வேற ஆள் அக்கா."

வரிசையில் நின்ற யோவானாசி சிரித்தான். "எழுத்து வர்றதுக்குள்ள உன் பையன் சீல் வேட்டைக்கே போயிடுவான்!"

நிவியாக் சிரிக்கவில்லை. "பிள்ளைக்குக் காதுல சீழ். பெரிய ஆஸ்பத்திரிக்கு விமானம் ஏத்தணும்னா மருத்துவ அட்டை வேணும். அட்டைக்குப் பேர் வேணும். உன் வீம்புக்கு அவன் அழணுமா?"

அதெலாவின் கண் நிறைந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், "நர்ஸம்மா மருந்து குடுத்துட்டுதான் இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"இவளெல்லாம் ஒரு தாயா!" என்றாள் நிவியாக், எல்லோருக்கும் கேட்கும்படி.

கடல் உறைந்தது. மறுபடி பனி உடையத் தொடங்கிய வாரத்தில் தலைநகரிலிருந்து செய்தி வந்தது. எழுத்துக்கு எண் கிடைத்துவிட்டதாம். புது எழுத்துருவையும் அனுப்பியிருந்தார்கள்.

நிவியாக் ஊர் வானொலியில் அதெலாவைக் கூப்பிட்டாள். அரை மணியில் அவள் வந்து நின்றாள், காது ஆறிய பையனைக் கைபிடித்து நடத்திக்கொண்டு.

"வந்துட்டார் உன் மகாராஜா. இப்பவாவது வாயைத் திற."

அதெலா எழுத்தெழுத்தாகச் சொன்னாள். "தா."

நிவியாக் தட்டினாள்.

"ஷ்ரு."

திரையில் அந்த எழுத்து முதல்முறையாக வந்து நின்றது. நிவியாக்கே ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"க்."

விசைமேல் வைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

தாஷ்ருக்.

மூன்று வருடத்துக்கு முன் பனி உடைந்து கடலோடு போன நிவியாக்கின் ஒரே மகன். கல்லறைச் சிலுவையில் பதிக்கும் தகட்டுக்கு அவன் பெயரை இதே மேசையில் அவளேதான் அடித்துக் கொடுத்தாள். தகட்டில் 'தாசுக்' என்று வந்தது.

"அன்னைக்குச் சிலுவையைக் கட்டிக்கிட்டு, 'இது யாரோ, என் பிள்ளை இல்லை'ன்னு அழுதீங்க" என்றாள் அதெலா மெதுவாக. "மறுபடியும் உங்க கையாலயே தப்பா அடிக்க வைக்க எனக்கு மனசு வரலை அக்கா."

நிவியாக் திரையை விட்டுப் பையனைத் திரும்பிப் பார்த்தாள். இறந்துபோனவரின் பெயரை ஏற்ற பிள்ளை அவரேதான். அவருடைய உறவெல்லாம் அந்தப் பிள்ளைக்கும் உறவு. அந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.

அதெலா குனிந்து பையனின் கையை விட்டாள்.

"போடா தாஷ்ருக். உங்கம்மாகிட்டப் போ."