பத்தாவது பதிவு

எந்தத் தலைப்பிலும் தன் கருத்தை எழுதலாம் என்ற இஸ்தான்புல்லின் இணைய அகராதியில் எழுத விரும்புகிறவர் முதலில் பத்துப் பதிவுகள் எழுதிக் கொடுக்கவேண்டும். அனுமதி கிடைக்கும்வரை அவற்றை வேறு யாரும் படிக்க முடியாது. ஜெலால் பதினொரு வருடம் காத்திருந்தார். அவர் இறந்த மறுவாரம் அகராதி அலுவலகத்திலிருந்து ஒரு பையன் அழைத்தான்.

"ஜெலால் சார் இருக்காரா? ஆள் இல்லேன்னா பதிவெல்லாம் அழிச்சிடுவோம்மா."

"குளிச்சிட்டிருக்காரு தம்பி," என்றாள் அவர் மனைவி ஃபெரிதே. "நீங்க அனுமதி போடுங்க."

ஜெலாலின் கணினித் திரையில் பத்தும் விரிந்தன. ஒன்பது, படகுத்துறை நெரிசலைத் திட்டி எழுதியவை. பத்தாவதன் தலைப்பு, 'ஃபெரிதே'.

'தேநீரில் சர்க்கரை போட மறந்துவிட்டு, போட்டேன் என்று சாதிப்பவள். நானும் தித்திக்கிறது என்றே சொல்லிக் குடிப்பேன்.'

"அடப் பொய்க்காரா!" என்றாள் ஃபெரிதே, ஆளில்லாத குளியலறையைப் பார்த்து.