மினோரியோடு போக ஒரு பேஸ்

"ரெண்டுல எதும்மா அவளோட அனுப்புறது? நீதான் சொல்லணும்."

ஹிராபயாஷி கேட்டுவிட்டு சிஹோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோரைப்பாய்த் தரையில் அவர் மகள் மினோரியின் இரண்டு பேஸ் கிடார்களும் துணி போர்த்திக் கிடந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கழுத்தின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

மினோரி அடுத்த அறையில் படுத்திருந்தாள். இழுகதவு சாத்தியிருந்தது. இருவரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.

மதியம் வண்டி வந்துவிடும். அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

மனுஷர் பாவம், மாட்சுமோட்டோவில் காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். விடிந்ததும் விடியாததுமாக சிஹோவுக்குத்தான் ஃபோன் போட்டார். அவளைவிட்டால் வேறு யாரைக் கேட்பார்? பள்ளிக்கூட நாளிலிருந்தே மினோரியின் பாண்டில் அவள்தான் டிரம்ஸ். வேலையும் உள்ளூர் கிடார் பட்டறையில்.

சிஹோ யோசிக்கவே இல்லை. சிவப்புதான்.

சிவப்புக்கு வீணையின் மெட்டுகள் மாதிரி, கழுத்து நெடுக உலோகப் பட்டைகள் உண்டு. விரல் பட்டைக்குச் சற்றுப் பின்னால் நின்றாலும் போதும், சுரம் சரியாக விழுந்துவிடும். மேடையில் மினோரி அதைப் பார்த்து வாசித்ததே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள், அவ்வளவுதான்.

கறுப்பு வேறு ஜாதி. பட்டையே கிடையாது, வயலின் மாதிரி வழவழவென்று மொட்டைக் கழுத்து. விரல் மிகச்சரியாக அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், இம்மி பிசகினாலும் மானம் போய்விடும். மினோரியின் விரல் பழக்கதோஷத்தில் கொஞ்சம் பின்னாலேயே நின்றுவிடும். "என்னடி, பூனைக்கு வயித்துவலியா?" என்று சிஹோ கிண்டலடிப்பாள். மினோரி டிரம்ஸ் குச்சியைப் பிடுங்கி அவள் தலையில் தட்டுவாள். வாங்கி ஒரு வருஷமாகியும் அதில் ஒரு பாட்டைக்கூட அவள் மேடையில் வாசிக்கவில்லை.

"சிவப்புதான்ப்பா. அவ உயிரே அதுலதான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரியவர் முகம் விழுந்துவிட்டது. சிவப்பின் மேலிருந்த துணியை விலக்கினார். ஐயோ! முதல் மூன்று பட்டைகளைக் காணோம். அவை இருந்த இடத்தில் மரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. பக்கத்திலேயே குறடு கிடந்தது.

"பிடுங்கிப் பாத்தேம்மா. மரமும் சேந்து வருது. மனசு கேக்கல, விட்டுட்டேன்."

சிஹோவுக்கு ஒரு கணம் ஆத்திரம் பொங்கியது. அவர் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் கீறல். ஆத்திரம் போன இடம் தெரியவில்லை.

"உலோகம் துளிகூட இருக்கக் கூடாதுன்னு தகனம் பண்ற இடத்துல கண்டிப்பாச் சொல்லிட்டாங்க" என்றபடி கறுப்பின் துணியையும் எடுத்தார். கம்பிகளையும் முறுக்காணிகளையும் எல்லாம் கழற்றி ஒரு சோற்றுக்கிண்ணத்தில் போட்டிருந்தார். கழுத்து தனியே, உடல் தனியே கிடந்தது. "தடிமனான கட்டை சரியா எரியாதாம். கழுத்தை மட்டும் வேணா பெட்டிக்குள்ள அவ பக்கத்துல வைக்கலாம்னாங்க. இதுல பட்டையே இல்ல பாரு, மொத்தமும் மரம். இந்த ஒரு திருகுதான் இறுகிக் கிடக்கு. உன் கைக்கு வரும்."

சிஹோ கழுத்தை வாங்கிப் பார்த்தாள். அடிமுனையில், உள்ளடங்கி, ஒரே ஒரு திருகு.

அது திருகு இல்லை. உள்ளே புதைந்திருக்கும் எஃகுக் கம்பியின் மரை. கம்பிகளின் இழுப்பில் கழுத்து வளையாமலிருக்க, அடியிலிருந்து நுனிவரை அந்த எஃகு ஓடும். பட்டை வைத்த கழுத்தானாலும் சரி, மொட்டைக் கழுத்தானாலும் சரி, அது இல்லாமல் ஆகாது. பட்டறையில் தினமும் அதை உள்ளே வைத்து, மேலே பலகை ஒட்டி மூடுவதுதான் அவள் வேலை. வெளியே எடுப்பதென்றால் பலகையைச் சூடு காட்டிப் பெயர்க்க வேண்டும். முழுசாக ஒரு நாள் பிடிக்கும்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"இதையாவது அவ கொண்டுபோகட்டும்மா" என்றார் பெரியவர். "இதை வாங்கிட்டு வந்த அன்னிக்கு, நாலு கம்பி வாத்தியத்துக்கு எதுக்குடி ரெண்டுன்னு கத்தி, அவளை அழ வெச்சுட்டேன்."

சிஹோ தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தித் திருப்பினாள். மரை இளகிக் கழன்று வந்தது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"முடிஞ்சுதுப்பா. இனிமே மரம் மட்டும்தான்."

அவர் இரண்டு முறை தாழக் குனிந்து நன்றி சொன்னார். கழுத்தை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு, இழுகதவைத் திறந்து மகளிடம் போனார்.

சாயங்காலம் வழக்கப்படி எல்லோரும் நீளக் குச்சிகளோடு சாம்பலிலிருந்து எலும்பு பொறுக்க நிற்பார்கள். மினோரியின் விலாவையொட்டி அந்த எஃகுக் கம்பி எரியாமல் அப்படியே கிடக்கும். முதலில் குனியப்போகிறவர் அவர்தான்.