பத்தாவது கையெழுத்து

“நான் ஏறி நிக்கும்போது எவனாவது சிரிச்சீங்க, கரணையாலேயே பூசை விழும்!”

சாந்து பூசும் கரணையை ஆட்டி அதட்டியவர் பயிற்சி நிலையத்தில் கொத்து வேலை கற்றுக்கொடுக்கும் மிஸ். வயது இருபத்தெட்டு, எடை எழுபத்திரண்டு. இன்றைய போட்டிக்கு நடுவரும் அவர்தான், எடைக்கல்லும் அவர்தான்.

நாலைந்து பள்ளிகளிலிருந்து மாணவர்கள் வந்திருந்தார்கள். ஆப்பு வடிவக் கற்களைச் சிமெண்ட் இல்லாமல் அடுக்கி, அவரவர் யோசனைப்படி ஒரு வளைவு கட்ட வேண்டும். அடியில் முட்டுக்கொடுத்த தாங்கு பலகையை உருவியதும் மிஸ் அதன்மேல் ஏறி நிற்பார். அவரைத் தாங்குகிற வளைவுக்குப் பரிசு.

பள்ளி முடித்த கையோடு நாலு பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரட்டும் என்றுதான் இந்தக் கூத்தெல்லாம். பத்துப் பேர் சேர்ந்தால் கொத்து வேலைப் பிரிவு நடக்கும், ஒன்று குறைந்தாலும் இழுத்து மூடிவிடுவேன் என்று பிரின்சிபல் கறாராகச் சொல்லியிருந்தார். மூடினால் மிஸ்ஸுக்கும் வேலை போய்விடும். மேசைமேல் இதுவரை ஒன்பது படிவங்கள் இருந்தன. பத்தாவது ஆளைத் தேடி மிஸ்ஸின் கண்கள் அலைந்துகொண்டிருந்தன.

முதல் வளைவு அவர் காலை வைத்ததுமே விழுந்தது. இரண்டாவது, காலைத் தூக்கியதைப் பார்த்ததுமே விழுந்தது.

“பயந்துபோய் விழுந்துடுச்சு மிஸ்” என்றான் அதைக் கட்டியவன்.

வாசலில் சாய்ந்து நின்ற எலக்ட்ரீஷியன் மாஸ்டர் சிரித்தார். “மேடம், எங்க புதுக் கட்டடத்துல சீட்டு நிரம்பி வழியுது. ஏசி வேற. நீங்க இந்தப் பழைய ஹாலைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறீங்க.”

“உங்க ஏசியை மாட்டவே ஒரு சுவர் வேணும் சார். அதை யாரு கட்டுவா, உங்க மாமனாரா?”



மூன்றாவது வளைவு ஒரு ரெட்டைச்சடைப் பெண்ணுடையது. மிஸ் ஏறி நின்றார். அசையவில்லை. ஒரு குதி குதித்தும் பார்த்தார். வளைவு கல்லுப்பிள்ளையாராக இருந்தது. எல்லோரும் கைதட்ட, அந்தப் பெண் மட்டும் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், அப்படியே நில்லுங்க. இப்போ எந்தக் கல்லைத் தொட்டா நீங்க மொத்தமா விழுவீங்க?”

ஹாலே சிரித்தது. மிஸ்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட இப்படிக் கேட்டதில்லை.

“கேட்டா பாரு கேள்வி! உச்சிக்கல்லுன்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. அதெல்லாம் வேண்டாம். ரெண்டு ஓரத்துலயும் முட்டுக்கொடுக்குற கல்லு இருக்கே, அதுல ஒண்ணை லேசா நகர்த்து. மீதி தானா வந்துடும்.”

“அப்போ இந்த ஹாலும் அப்படித்தானா மிஸ்?”

மிஸ் துள்ளி இறங்கினார். பெண்ணின் கையைப் பிடித்து ஹாலைச் சுற்றிக் காட்டினார். எது பாரம் தாங்கும் சுவர், எது சும்மா தடுப்புக்கு நிற்கும் சுவர் என்று ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிச் சொன்னார். பெண் சின்ன நோட்டில் படம் போட்டுக் குறித்துக்கொண்டாள்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. “பாப்பா, நல்ல மூளை உனக்கு. ஒயரிங் பக்கம் வந்துடேன்.”

“வேண்டாம் சார். சுவத்தைப் பார்த்தாத்தான் எனக்குக் கை பரபரங்குது.”

மிஸ் மாஸ்டரைப் பார்த்த பார்வையில் ஏசியே அணைந்திருக்கும்.

முதல் பரிசை, சுவரின் மட்டம் பார்க்கும் ஒரு புத்தம்புது ரசமட்டத்தை, அவளிடம் கொடுத்தார். கூடவே பத்தாவது படிவத்தையும் பேனாவையும் நீட்டினார்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா. திங்கட்கிழமையிலிருந்து நீ என் பொண்ணு.”

பெண் தயங்கினாள். “மன்னிச்சுக்குங்க மிஸ். வீட்லயே தொழில் இருக்கு. அப்பாவும் சித்தப்பாவும் கட்டடம் இடிக்கிற கான்ட்ராக்ட் எடுக்குறாங்க. பரீட்சை முடிஞ்சாச்சு, இனிமே நானும் கூடப் போகணும். எப்படிக் கட்டுறாங்கன்னு தெரிஞ்சாத்தான் யார் தலையிலயும் விழாம இடிக்க முடியும், போய்ப் பார்த்துட்டு வான்னு அப்பாதான் அனுப்பினார்.”

ஒன்பதும் போச்சு, வேலையும் போச்சு. மிஸ்ஸுக்கு அழுகை வந்தது. ஆனாலும் மாஸ்டர் முன்னால் அழுவதாவது! மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் தோளைத் தட்டினார்.

“அதுவும் சரிதான். நல்லபடியா செய். முதல் வேலை எங்கம்மா?”

பெண் விழித்தாள்.

“இங்கதான் மிஸ், திங்கட்கிழமை காலையில! கார் நிறுத்த இடம் வேணும்னு உங்க பிரின்சிபல் போன மாசமே அட்வான்ஸ் கொடுத்துட்டாரே... நீங்க ஒவ்வொரு சுவரா தட்டித் தட்டிக் காட்டவும், உங்களுக்கும் தெரியும்னுல்ல நினைச்சேன்!”