தோத்திரத்தின் நடுவே ஒரு விசில்

ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் மேளப் பாட்டும் தோத்திரப் பாட்டும் அடுத்தடுத்துக் குடியிருந்தன. மேளம் தொடங்கினாலே வீட்டுக்காரி மரகதம் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். அடுத்து வரும் தோத்திரமோ சமையலறையில் வைத்துப் போனில் பதிவு செய்தது. பாவம், அது யார் காதிலும் விழாது.

“காதுல விழாத பாட்டு எதுக்குன்னு உன்னை அழிச்சிடப் போறாங்களாம்” என்று மேளம் சிரித்தது.

பயந்துபோன தோத்திரம், சத்தத்தைச் சமமாக்கும் கருவியைத் தேடிப் புறப்பட்டது. முதலில் கிடைத்த கருவி ஓர் அவசரக்காரர். பாட்டின் நடுவே குக்கர் விசில் அடித்த இடத்தை மட்டும் அளந்தார்.

“மேளத்துக்குச் சமமாக் கத்துறியே, உனக்கென்ன குறை? போம்மா.”

“ஐயா, அது நான் இல்லீங்க, குக்கருங்க!”

அதைக் கேட்க அவர் நிற்கவில்லை.

இரண்டாவது கருவி, “உட்காரு கண்ணு, முதல்லேருந்து பாடு” என்றது. கடைசி வரி வரைக்கும் கேட்டது. மேளத்தையும் அப்படியே முழுசாகக் கேட்டது.

“தம்பி, நீ கொஞ்சம் இறங்கு. கண்ணு, நீ ஏறி வா. அந்த விசிலை மட்டும் லேசா அமுக்கிவிடுறேன்.”

மறுநாள் காலை மேளம் முடிந்து தோத்திரம் தொடங்கியது. மரகதம் கண்ணை மூடி, கூடவே முணுமுணுத்தாள். நடுவில் விசில் அடித்தது.

“ஐயோ, அடுப்பு!” என்று சமையலறைக்கு ஓடினாள்.

அடுப்பை அவள் இன்னும் பற்றவைக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, தோத்திரத்தை முதலிலிருந்து மறுபடி போட்டாள்.